சொல்லாமல் விட்ட கிடங்கு

இன்றைக்கும் எனக்கு அது சரியாகப் புரிந்தபாடில்லை.

குத்தாலத்தில் வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை பார்க்கிற நான், எங்கள் ஊர் விவசாயிகளுக்காகக் கிளவுடில் ஒரு தளம் கட்டிக் கொடுத்திருந்தேன். சம்பா கதிர் முற்றும் நேரத்தில் மழை பெய்து வயல் மூழ்கியபோது, நிவாரணத்துக்கு ஆதாரமாக எல்லாரும் அதில்தான் படம் ஏற்றினார்கள். என் அம்மாவின் தங்கைக்கு, அதாவது சித்திக்கு, அந்தப் படங்களை விட்டால் வேறு கதி இல்லை. குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர். பட்டா வேறொருவர் பெயரில். யார் என்ன பயிர் வைத்தார் என்று எழுதுகிற அடங்கல் கணக்கிலும் அவர் பெயர் ஏறவில்லை.

தண்ணீர் வடிந்து, அழுகிய பயிரை உழுதுவிட்டு எல்லாரும் உளுந்து தெளித்தார்கள். சும்மா ஓடிக்கொண்டிருந்த சர்வர்களை இடித்துவிட்டுப் அந்தப் படங்கள் சேர்ந்திருந்த கிடங்கை மட்டும் வைத்துக்கொள்ள நினைத்தேன். சர்வர், கிடங்கு என்று கட்டியதெல்லாம் ஒரே ஃபைலில் எழுதியிருக்கும். கட்டுவதும் இடிப்பதும் அதைப் பார்த்து இயந்திரமே செய்யும். கிடங்கைப் பற்றிய பத்தியில் 'இதை அழிக்காதே' என்று காவலுக்கு ஒரு வரி போட்டிருந்தேன். இடிக்கச் சொன்னால், அந்த வரியைக் காட்டி ஒன்றையுமே இடிக்க மாட்டேன் என்று மல்லுக்கு நின்றது. சனியன்!

எங்கள் பக்கம் அறுவடை மெஷின்காரரிடம் எந்த வயலை அறுக்க வேண்டுமோ அதை மட்டும்தான் சொல்வோம். விதைக்கு விட்ட வயலைப் பற்றி வாயே திறக்க மாட்டோம். சொல்லாத வயலில் அவர் இறங்கவும் மாட்டார். அந்தப் பழக்கத்தில் கிடங்கின் பத்தியையே ஃபைலிலிருந்து எடுத்துவிட்டேன். பேச்சிலேயே இல்லாததை யார் தொடப்போகிறார்கள்? மறுபடி இடிக்கச் சொன்னதும், எதெல்லாம் போகும் என்று ஒரு பட்டியலைக் காட்டி நிச்சயமா என்று கேட்டது. அதைப் படிக்காமலே ஆமாம் என்றேன்.

முதலில் போனது கிடங்குதான். ஃபைலில் இல்லையென்றால் வேண்டாம் என்று அர்த்தமாம். காவல் வரியும் பத்தியோடு போய்விட்டதாம். இது என்ன நியாயம்? காப்பாற்றத்தானே எடுத்தேன்! எங்கே தப்பு செய்தேன் என்று தெரிந்தது, அது எப்படித் தப்பாகும் என்பதுதான் பிடிபடவில்லை. வேறு எங்கும் நகலும் வைக்கவில்லை.

மறுநாள் காலை சித்தி வயலிலிருந்து போன் செய்தார்.

"வி.ஏ.ஓ. வந்து நிக்கிறாரும்மா. உளுந்துதானே இருக்கு, நெல்லு எங்கங்கிறாரு. அந்தப் படத்தைக் கொஞ்சம் அனுப்பு."

"உங்க போன்ல இருக்குமே சித்தி?"

"ஏத்தியாச்சுல்ல, இனிமே அழிச்சிடலாம்னு நீதானடி சொன்ன?"

அந்தப் பக்கம் அவர் வி.ஏ.ஓ.விடம் சொல்வது கேட்டது.

"ரெண்டே நிமிஷம் இருங்க சார், எங்க அக்கா மவ அனுப்புறா."