மூன்று கட்டை இறங்கி வந்தார்கள்

குரல் திரும்பி வந்ததைச் சாட்சியாகச் சொல்லும்படி என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பிரியமானவர்களே, என் குரல் திரும்பி வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய் சொல்லி ஆண்டவருக்குப் பெயர் வாங்கித் தர என்னால் முடியாது.

ஆவடி சேக்காட்டில் நம் சபைப் பாடல் குழுவில் பதினாறு வருடமாகப் பாடுகிறேன். ஐந்து கட்டைச் சுருதியில் நின்று பாடுவேன், மூச்சு வாங்காது. போன கிறிஸ்துமஸ் முடிந்ததும் தைராய்டுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கூடவே குரலும் போனது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. "நரம்பு அசந்திருக்கு, பொறுத்துத்தான் பாக்கணும்" என்றார் டாக்டர். பிறகு பேச்சு வந்தது. ஆனால் பாட்டில் கொஞ்சம் மேலே ஏறினாலும் குரல் உடைந்தது.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள்தான் என்னை அதிகம் அழவைத்தார்கள். "ஏதாச்சும் மறைச்ச பாவம் இருக்கும், அறிக்கை பண்ணுங்க சிஸ்டர்" என்றார் ஒருவர். பாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாத தொண்டை எப்போது பாவம் செய்தது என்று கேட்டேன். அவர் அப்புறம் வரவில்லை.

நான் செய்த ஜெபத்தை ஜெபம் என்று சொல்ல முடியாது, சண்டைதான். "நீர் கொடுத்ததுதானே, திருப்பித் தாரும்" என்று பஸ்ஸில் போகும்போதுகூட முணுமுணுப்பேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு நாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். "சரி, குரலை நீரே வைத்துக்கொள்ளும். ஆனால் பாடாமல் இருக்க நான் சம்மதிக்க மாட்டேன். அதற்கு வழி காட்டும்" என்றேன். கெஞ்சவில்லை.

அந்த வாரமே சபை மூப்பர் ஒருவர் என் பாட்டு நோட்டை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லியனுப்பினார். கோபத்தோடுதான் சனிக்கிழமைப் பயிற்சிக்குப் போனேன். பெண்கள் ஈஸ்டர் பாட்டைத் தொடங்கியிருந்தார்கள். கீபோர்டில் டேனியல். தபேலா வாசிக்கிற சேகர், பூந்தமல்லி ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓரமாக நின்ற நான் பழக்கத்தில் வாயசைத்தேன். குரல் வந்தது. கரகரப்புதான், ஆனால் உடையவில்லை.

"இன்னா டேனியல், இவ்ளோ கீழ கீது?" என்றாள் முதல் வரிசையில் நின்ற மெர்சி.

"சாரிக்கா, ஆம்பளைங்க பாட்டுக்கு ரெண்டு கட்டைக்கு எறக்குனேன், மாத்த மறந்துட்டேன்" என்று டேனியல் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனான்.

"கைய எடு மாமே" என்றார் சேகர். "அக்கா பாடிகினு கீறாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். நான் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். மெர்சி என் தோளைப் பிடித்து வரிசைக்குள் இழுத்தாள். "கீழயே கெடக்கட்டும், மொதல்லருந்து போடு" என்றாள்.

கீபோர்டுக்கு ஒரு பட்டன் போதும். சேகருடைய சின்ன வாய் தபேலா அவ்வளவு கீழே இறங்காது. அடுத்த சனிக்கிழமை திருவேற்காட்டிலிருந்த நண்பரிடம் பெரிய வாய் தபேலாவைக் கேட்டு வாங்கி, ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். மேலே போனால்தான் மெர்சியின் குரலுக்கு அழகு. அதை எனக்காக விட்டுக்கொடுத்தாள். "என் குரல் கெணத்துல கெடக்குது" என்று சிரித்துக்கொண்டே பாடினாள். எங்கள் பாட்டெல்லாம் இரண்டு கட்டைக்கு வந்தது. என் நோட்டை யாரும் கேட்கவில்லை.

ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் அதே மூப்பர், "சுருதி கம்மி, எழுப்புதலே இல்லையேம்மா" என்றார்.

"எனக்கு இருந்துச்சுங்க ஐயா" என்றேன்.

முன்பெல்லாம் புதிதாக வருகிற பெண்கள் மேலே எட்டாமல் திணறினால், பயிற்சி பண்ணு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். இப்போது, உனக்கு எது வசதி என்று கேட்கிறேன். அந்தப் புத்தி எனக்குக் குரல் போன பிறகுதான் வந்தது.

கேட்டது கிடைக்கவில்லை என்று யாரும் வாயை மூடிவிடாதீர்கள். அவரோடு சண்டை போடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். நம்மிடத்துக்கு இறங்கி வந்தவரைத்தானே ஆண்டவர் என்கிறோம். என் குரல் சரியாகிவிட்டதா என்று இனி யாரும் கேட்க வேண்டாம். சனிக்கிழமை ஐந்து மணிக்கு வாருங்கள். உடைந்த குரலாக இருந்தாலும் வாருங்கள், இறக்கி வைத்த சுருதி அப்படியேதான் இருக்கிறது.