அக்காவுக்காக நான் எழுதிய ‘இல்லை’

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நாள். மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் என் அக்காவை, ஓயாத வயிற்று வலிக்காகப் புதுச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போயிருந்தேன். அப்பா போன பிறகு உப்பு வாரி என்னைப் படிக்க வைத்தவள் அவள். நானோ ஆபீஸில் அரை நாள்தான் லீவு சொல்லியிருந்தேன்.

உள்ளே இருப்பது தெளிவாகத் தெரிய நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவோம் என்று சொல்லி, ஒரு ஃபார்மைக் கொடுத்தார்கள். சர்க்கரை உண்டா, கிட்னி கோளாறு உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எடை எவ்வளவு என்று ஏகப்பட்ட கேள்விகள். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அவளைக் கேட்காமலே மடமடவென்று ‘இல்லை’ ‘இல்லை’ என்று எழுதினேன். எடை, குத்துமதிப்பாக அறுபது.

அக்கா என் சட்டையை இழுத்தாள். “போன மாசம் கேம்ப்ல ரத்தம் எடுத்தாங்கடா. கிட்னில ஏதோ இருக்குது, பெரிய ஆஸ்பத்திரில காட்டுன்னாங்க.”

“அது வேற, இது வேறக்கா. சும்மா இரு.”

ஊசி போட வந்த பெண், “கிரியேட்டினின் ரிப்போர்ட் இருக்குதுங்களா?” என்று கேட்டார். கிட்னிக்கான அந்த ரத்த டெஸ்ட்டைப் புதிதாக எடுத்தால் இன்னும் நேரமாகும். “நார்மல்தாங்க, ரிப்போர்ட் வீட்ல இருக்குது” என்று கூசாமல் சொல்லிவிட்டேன். என் பேச்சை நம்பி அக்காவை உள்ளே கூட்டிப் போனார்.

மூன்றாம் நாள் அவள் முகமும் காலும் வீங்கிவிட்டன. சிறுநீர் சரியாகப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது எடை பார்த்தார்கள். வீங்கிய உடம்போடு நாற்பத்தாறு கிலோ! கால் வலிக்காகத் தினமும் வலி மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும்.

“அந்த மருந்து மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. கிட்னி முன்னாடியே வீக்கா இருந்திருக்கு” என்றார் டாக்டர். “ஆனா தெரிஞ்சிருந்தா மருந்து ஏத்தாமலே பாத்திருக்கலாம். ஏத்தியே ஆகணும்னாலும் அளவைக் குறைச்சு, வலி மாத்திரையை நிறுத்தி, சலைன் போட்டுட்டு ஏத்தியிருப்பாங்க. ஏன் சொல்லல?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “நான்தாங்க சொல்லாம வுட்டுட்டேன். தம்பிக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

மூன்று முறை டயாலிசிஸ் செய்து பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் கிட்னி முழுதாகத் தேறவில்லை. இனி வெயிலில் வேலை கூடாது என்றுவிட்டார்கள், உப்பளத்துக்குப் போவதில்லை. இதுவரை ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை.

அவசரத்தில் எழுதியதையாவது தப்பு என்று ஒப்புக்கொண்டு மனதைத் தேற்றிக்கொள்ள முடிகிறது; “அக்கா சொன்னாங்க, நான்தான் கேக்கல” என்று அந்த டாக்டரிடம் சொல்லாமல், அவள் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதற்குத்தான் இன்றுவரை எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.