சுருட்டை அக்காவுக்கு மூச்சு வாங்கிய கதை

அடுத்தவர் முடியை வெட்டி ஒழுங்குபடுத்துவதே தொழிலாக இருந்தும், தன் தலையை மட்டும் எந்தச் சீப்பாலும் அடக்க முடியாமல் கைவிட்டவள் என்பதால் அவளுக்குச் சுருட்டை அக்கா என்று பெயர். இரண்டு நாற்காலி போட்ட சின்ன சலூன். வாசல் பக்க நாற்காலி அவளுடையது, உள்பக்கம் தங்கையுடையது. அக்காவின் கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. வருகிறவர்களின் குடும்பச் சண்டை முதல் மூட்டுவலி வரை எல்லாவற்றையும் காதில் வாங்கி, கீழே விழுந்த முடியோடு சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடுவாள்.

அப்படிப்பட்டவளுக்குப் பேச்சு நடுவே அறுந்து போகத் தொடங்கியது. ஒரு கதையை ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தி மூச்சு இழுக்க வேண்டியிருந்தது.

"மீதிய யாரு சொல்றது?" என்று தங்கை கிண்டலடித்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மூச்சு வாங்குகிறதா, சாயத்தின் நெடி. இருமலா, தலைக்கு அடிக்கிற ஸ்பிரே. சாயங்காலம் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் மறையவே மாட்டேன் என்கிறதா, நின்றே செய்கிற வேலை. நெஞ்சுக்குள் திடீரென்று படபடவென்று அடித்து ஓய்கிறதா, காபியைக் குறை. "எல்லாம் வயசுதான் அக்கா, மாதவிலக்கு நிக்கிற நேரம்" என்று ஒருத்தி ஒரே போடாகப் போட்டாள். ஒவ்வொன்றும் சரியாகத்தான் பட்டது. அதுதான் வம்பு.

கடைக்கு எதிரே இருந்த டாக்டரிடம் சாய நெடியைப் பற்றி மட்டும் சொன்னாள். அவர் வாயில் வைத்து இழுக்கிற மருந்து கொடுத்தார். இழுத்தாள். பலன் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

அவள் கணவருக்கு ரொட்டி அடுமனையில் இரவு வேலை. அவர் வரும்போது அவள் கிளம்பியிருப்பாள், அவள் படுக்கும்போது அவர் மாவு பிசைந்துகொண்டிருப்பார். ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து விடிவதற்குள் வந்தவர், மனைவி கூடத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்த்தார்.

"கட்டில் என்ன பாவம் பண்ணுச்சு?"

"டிவி பாத்துக்கிட்டே அசந்துட்டேங்க."

டிவியின் வயர் பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தது. அவர் வயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தன்மேல் ஏதோ கோபம், அதனால்தான் கட்டில் பக்கமே வரவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, காரணம் புரியாமலே இரண்டு நாள் அவளிடம் பயந்து பயந்து பேசினார். படுத்தால் நெஞ்சில் தண்ணீர் ஏறுவது போல மூச்சு முட்டுகிறது என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. படுத்தால் முட்டுகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது. இதை யாரிடம் என்னவென்று சொல்வது?

பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி தோள்வரை இருந்த முடியைக் காதளவுக்கு வெட்டிக்கொள்ள வந்தாள். இடது பக்கம் முடிந்தது. வலது பக்கத்துக்கு நகர்ந்தபோது அக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு, "இதோ வர்றேம்மா" என்று சொன்னவள், எங்கும் போகாமல் தரையில் கிடந்த முடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா!" என்று தங்கை ஓடி வந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பக்கத்த நீ வெட்டு."

"என் முடி கெடக்கட்டும், முதல்ல ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றாள் டீச்சர். ஒரு பக்கம் காதளவு, மறுபக்கம் தோளளவு என்று நின்ற தலையைச் சலூன் துண்டால் சுற்றிக்கொண்டு அவளும் கூடவே ஏறிக்கொண்டாள்.

மருத்துவமனையில் இருந்த பெண் டாக்டர், நோயாளி யார் என்று ஒரு கணம் துண்டு கட்டிய டீச்சரைத்தான் பார்த்தார். பிறகு அக்காவை உட்காரவைத்துக் கேட்டார்: "எத்தன தலகாணி வெச்சுப் படுக்கிறீங்கம்மா?"

மயக்கத்துக்கும் தலையணைக்கும் என்ன சம்பந்தம்? அக்கா பேந்தப் பேந்த விழித்தாள். "முன்னாடி ஒண்ணு. அப்புறம் ரெண்டு. அப்புறம் மூணு. இப்போ... நாற்காலி."

தங்கை வாயைப் பிளந்தாள். "எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

டாக்டர் அவளை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் இடப்புறத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கிற வால்வு தடித்துச் சுருங்கியிருந்தது. ரத்தம் அதைத் தாண்ட முடியாமல் நுரையீரல் பக்கமாகத் தேங்குகிறது. மூச்சு, இருமல், கால் வீக்கம், படபடப்பு, தலையணை எல்லாம் அந்த ஒன்றிலிருந்தே வந்தவை.

"அப்ப சாயம்?" என்று கேட்டாள் அக்கா.

"சாயம் பாவம்மா. சின்ன வயசுல தொண்ட வலி வந்து, கூடவே காய்ச்சல், கை கால் மூட்டெல்லாம் வீங்கினதா ஞாபகம் இருக்கா? அந்தக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துட்டுப் போயிடும். தெரியறதுக்குப் பல வருஷம் ஆகும்."

தொண்டை வலி. அதுவும் பாவாடை கட்டிய வயதில். அது எப்படி இத்தனை காலம் உள்ளே உட்கார்ந்திருக்கும்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது அவளுக்கு. முட்டி வீங்கி நடக்க முடியாமல் கிடந்தது என்னவோ லேசாக நினைவிருந்தது. கேட்கப் பெற்றவர்கள் இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"கால் வீங்கினது எனக்குத்தானே!" என்றான் அண்ணன். "அப்பா என்னத் தோள்ல தூக்கிட்டுப் போனாரே!"

"என்னத்தாண்ணே தூக்கிட்டுப் போனாரு."

"நீ பின்னால அழுதுக்கிட்டே வந்த."

தங்கையைக் கேட்டால், அப்போது அவள் பிறக்கவே இல்லை. டாக்டரிடம் சொன்னபோது, "அப்ப அண்ணனையும் ஒரு தடவ பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

இதயத்துக்குள் ரத்தக் கட்டி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி நுழைத்து, நுனியில் இருந்த பலூனை ஊதி வால்வை விரித்தார்கள். மார்பைக் கிழிக்கவில்லை. இனி காலாகாலத்துக்கும் சோதனைக்கு வர வேண்டும் என்றும், மறுபடி சுருங்கினால் வால்வையே மாற்ற நேரலாம் என்றும் சொன்னார்கள். துடிப்பு சீராக இல்லாததால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. கத்தி விரலில் பட்டால் ரத்தம் லேசில் நிற்காது என்பதால் சவரக்கத்தி வேலை முழுக்கத் தங்கை பக்கம் போனது.

கணவருக்குத்தான் ஆறவில்லை. "கோவம்னு நெனச்சேன்டி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கோவமும்தான் இருந்துச்சு. எதுக்குன்னுதான் தெரியல" என்றாள் அவள்.

கடைக்குத் திரும்பியவளிடம் பழையபடி ஆட்கள் நோய் சொன்னார்கள். களைப்பு என்றாலே அவளுக்குக் குழப்பம்தான்: இது வேலைக் களைப்பா, வால்வுக் களைப்பா? தன்னுடையதையே பிரித்துச் சொல்லத் தெரியாதவள் அடுத்தவருக்கு என்ன சொல்வாள்? "எனக்குத் தெரியாதும்மா. டாக்டர்கிட்ட போ. ஆனா ஒண்ண மட்டும் சொல்லாத, எல்லாத்தையும் சொல்லு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

ஒரு மதியம், யாருக்கோ தலை அலசிக்கொண்டிருந்தபோது அண்ணன் அழைத்தான்.

"டெஸ்ட் எடுத்துட்டேன். எனக்கு வால்வெல்லாம் புதுசு மாதிரி இருக்காம்."

"நல்லதாப் போச்சு."

"நல்லதுதான்." அண்ணன் விடவில்லை. "ஆனா அப்பா தூக்கிட்டுப் போனது என்னத்தான்."

ஈரக் கையோடு போனைப் பிடித்திருந்த அக்காவுக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அவனையும் தூக்கியிருப்பாரோ?