முப்பத்தெட்டாம் பெட்டி

கிண்ணியாவைச் சேர்ந்த ஹுஸ்னியா படிப்பு முடிந்த கையோடு திருகோணமலை நகரத்தில் ஒரு சின்னக் கம்பனியில் சேர்ந்தாள். மீன்பிடிப் படகுகளுக்கு ஆபத்து அறிவிக்கும் பெட்டி செய்வது அவர்களுடைய தொழில். கடலில் சிவப்புப் பொத்தானை அமத்தினால் படகின் எண்ணும் நிற்கிற இடமும் கம்பனியின் திரையில் விழும். பெட்டிக்குள் ஓடுகிற மென்பொருளைக் கட்டி ஏற்றுவது அவள் பொறுப்பு.

ஒவ்வொரு பெட்டிக்கும் அதைப் புதிதாகக் கட்ட வேண்டும். முதலில் படகின் எண்ணை இணையத்திலிருந்து எடுத்து ஒரு கோப்பில் எழுத வேண்டும். மற்ற நிரல்கள் அந்தக் கோப்பை வாசித்துத்தான் உருவாக வேண்டும். இந்த வேலைகளை ஒழுங்குபடுத்த ஒரு கருவி இருந்தது. அதற்குச் சுயபுத்தி இல்லை. எது முடிந்தபிறகு எது தொடங்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் காத்திருக்கும். எழுதாவிட்டால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் தொடங்கிவிடும்.

பழைய கணினி ஒவ்வொரு வேலையாகச் செய்ததால் எழுதாத ஒழுங்கும் தற்செயலாகச் சரிவந்தது. எட்டு வேலையை ஒன்றாகச் செய்யும் புதுக் கணினி வந்த கிழமையே, ஒரு பெட்டியில் முந்திய படகின் எண் ஏறியிருப்பதை ஹுஸ்னியா கண்டாள். புது எண் வந்து சேர முதல் மற்ற வேலை பழைய கோப்பை வாசித்துவிட்டது. எண் வந்தபிறகே மற்றவை தொடங்கவேண்டும் என்ற, விடுபட்டிருந்த ஒரு வரியை அவள் சேர்த்தாள். அதன்பிறகு பிழை வரவில்லை. ஆனால் இணையம் இழுபடுகிற நாட்களில் எல்லா வேலையும் எண்ணுக்காகக் காத்து நின்றது.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த வரியைக் காணவில்லை. பொறுப்பாளர் சசிகரன் எடுத்திருந்தார்.

"ஏன் சேர் அதை எடுத்தனீங்கள்?"

"வெள்ளிக்கிழமை எண்பது பெட்டி குடுக்கோணும், ஹுஸ்னியா. இப்பிடி ஆறுதலாக் கட்ட ஏலாது. பத்துப் பெட்டி அமத்திப் பார்த்தனான், எல்லாம் சரி."

"அது தற்செயலா வந்த சரி, சேர். பதினோராவது மாறிப்போகலாம்."

"மாறினா அப்ப பாப்பம்."

அதையே எழுதி அவள் அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் வரவில்லை. அடுத்த மாதம் அவளை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் அவள் கதைக்கவில்லை. அந்த எண்பதையும் தன் கையாலேயே கட்டிக் கொடுத்தாள்.

முப்பத்தெட்டாம் பெட்டி இறக்கக்கண்டித் தம்பையாவின் படகுக்குப் போனது. ஆவணியில் ஒரு பகல், நடுக்கடலில் எஞ்சின் நின்று தண்ணீர் ஏறத் தொடங்கியதும் அவர் பொத்தானை அமத்தினார். திரையில் விழுந்தது முப்பத்தேழாம் பெட்டிக்குரிய எண், சல்லி ஊர்க் குலசிங்கத்தின் படகு. கம்பனி ஆட்கள் அவருக்குப் போன் எடுத்தார்கள்.

"என்ர படகு கரையில நிக்குது. நான் கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறன்," என்றார் குலசிங்கம்.

அதே எண் இன்னும் நாலு தரம் வந்தது. கரையில் நிற்கிற படகுக்கு நடுக்கடலை இடமாகக் காட்டியதால், பெட்டி பழுது என்று எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் படகு கவிழ்ந்தபடி மிதந்து வந்தது. தம்பையா கிடைக்கவேயில்லை.

அந்தப் படகின் பெட்டியைத் திறந்தபோது உள்ளே முந்திய படகின் எண் இருந்தது. கம்பனிக்குள் நடந்த விசாரணையில், வரியை எடுத்தவர் பெயரும் தேதியும் பதிவாகியிருந்த பக்கத்தை ஹுஸ்னியா திறந்து காட்டினாள். சசிகரன் மறுக்கவில்லை.

"எடுத்தது நான்தான். பிழை வருமெண்டு தெரிஞ்சும் கட்டிக் குடுத்தது ஆர்?"

கட்டியவரின் கவனக்குறைவு என்று கடிதம் தயாரானது. ஹுஸ்னியா அதில் கையெழுத்து வைத்தால்தான் சேவைச் சான்றிதழ் என்றார்கள். வைத்தாள். அன்றோடு வேலையும் போயிற்று.

நெஞ்சு ஆறாமல் ஒரு நாள் இறக்கக்கண்டிக்குப் போய், தம்பையாவின் மனைவி கோணேஸ்வரியிடம் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

"ஒரு வரியோ?" என்றாள் கோணேஸ்வரி.

"ஓம் அக்கா. ஒரு வரி."

"இதை அப்பிடியே எழுதித் தருவீங்களோ? நான் வழக்குப் போடப்போறன்."

"ஏலாது அக்கா. என்ர பிழையெண்டு கையெழுத்து வச்சிட்டன்."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? உங்கட பாரத்தை என்ர தலையில இறக்கி வைக்கவோ?"

கோணேஸ்வரி எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.