பன்னிரண்டாவது ஒடுக்கு

கொளஞ்சியப்பனைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவே ஜனங்கள் யோசிப்பார்கள். பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர்கள் இலையைப் பார்ப்பார்கள், இவர் சாம்பார் வாளியைப் பார்ப்பார். வாளியில் ஒரு ஒடுக்கு இருந்துவிட்டால் போதும், அவருக்குச் சோறு இறங்காது. பரிமாறுகிறவன் கையிலிருந்து வாளியைப் பிடுங்கி, சாம்பாரை அண்டாவில் கொட்டச் சொல்லி, கரண்டிக் காம்பை உள்ளே விட்டு நாலு தட்டுத் தட்டி நிமிர்த்திய பிறகுதான் சாப்பிடுவார். ஒரு தடவை மாப்பிள்ளை ஊர்வலத்தில் பேண்டுக்காரனின் ஊதுகுழலையே வாங்கிக்கொண்டார். அவர் அதை நிமிர்த்தி முடிக்கும்வரை மாப்பிள்ளை குதிரைமேல் அரைமணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் அவருடைய டிங்கரிங் பட்டறை. அதை ஒட்டி என் கடை. நான் லாரிகளுக்குப் பேரும் நம்பரும் எழுதுகிறவன். ஆர்ட்டிஸ்ட் என்று கூப்பிடுவார்கள், எனக்கு அதில் ஆட்சேபணை கிடையாது. முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், கொளஞ்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு லாரிக் கதவின்மேல் உள்ளங்கையை ஓட்டினால் அதன் ஜாதகமே வெளியே வந்துவிடும். "இங்க அடி பட்டு மூணு வருசம் இருக்கும். ஒடுக்க எடுத்தவன் சேலத்துக்காரன், அவசரக்காரன்" என்பார். விசாரித்தால் சரியாக இருக்கும். அவர் கையை வைத்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை.

அப்படிப்பட்டவரிடம், கொரோனாவுக்கு அடுத்த வருஷம், தங்கதுரை ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். லாரிக்காரர் செல்லமுத்துவின் மகன் அவன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பெட்டிக்குள் ரிமோட்டில் ஓடுகிற லாரி ஒன்று இருந்தது. நிஜ லாரியில் பதினாலில் ஒரு பங்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வளர்ந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் மணல்மேட்டில் கூடி இந்தக் குட்டி லாரிகளை ஓட்டுவார்களாம். போட்டிகூட உண்டாம். யார் வண்டி நிஜமாகவே உழைத்துத் தேய்ந்த வண்டிபோல இருக்கிறதோ அதற்குப் பரிசு.

"அண்ணே, இதுல ஒடுக்கு..." என்று தொடங்கினான் தங்கதுரை.

"எங்க, காட்டு. எடுத்துடலாம்."

"எடுக்க இல்லண்ணே. போடணும்."

கொளஞ்சியப்பன் என் பக்கம் திரும்பினார். "ஆர்ட்டிஸ்ட்டு, இந்தப் புள்ள இன்னா சொல்லுது?"

அந்தப் பிள்ளை சொன்னது இதுதான். அவன் அப்பாவின் நீல லாரி முப்பது வருஷம் வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கிய வண்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காயலான் கடைக்குப் போய்விட்டது. அந்த லாரியை அப்படியே, அதன் ஒவ்வொரு ஒடுக்கோடும் துருவோடும், இந்தப் பொம்மையில் கொண்டுவர வேண்டும். அந்த வண்டியின் உடம்பு தெரிந்த ஒரே ஆள் கொளஞ்சியப்பன்.

மறுநாள் செல்லமுத்துவே வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். வலதுபக்க மட்கார்டில் இருப்பது மலைப்பாதை மூன்றாம் வளைவுப் புளியமரம். முன்பம்பரில் எருமை, எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. டீசல் டேங்கில் மைல்கல். டிரைவர் கதவில் இருப்பது அவர் மனைவி ராணியம்மாள் அம்மிக் குழவியை விட்டெறிந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்தது. "மொத்தம் பதினொன்னு" என்று முடித்தார்.

பதினொன்று என்றதும் கொளஞ்சியப்பன் என்னைப் பார்த்தார். நான் என் பெயின்ட் டப்பாவைப் பார்த்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். மறைத்தது போதும்.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலைநேரம். மலையடிவாரத்தில் பெரியநாயகியம்மாள் நிலத்தில் கிழங்கு ஏற்றப்போன செல்லமுத்து, வண்டியை ரிவர்ஸ் எடுத்தபோது அந்த அம்மாளின் மோட்டார் கொட்டகைச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டார். பார்த்தவர் யாருமில்லை. சாதாரண நாளாக இருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் பெரியநாயகியம்மாள் அப்போது அவருக்குச் சம்பந்தியாகப் போகிறவர். மகள் கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் பாக்கி. தாம்பூலத்தில் பாக்கு பெரிசாக வெட்டியிருக்கிறது என்று ஒரு நிச்சயதார்த்தத்தையே நிறுத்திய அம்மாள் அவர். வண்டி நேராக எங்கள் பட்டறைக்கு வந்தது. பின்கதவின் வலது மூலைத் தகடு உள்வாங்கியிருந்தது. கொளஞ்சியப்பன் இரண்டு மணி நேரத்தில் அதை எடுத்து, பட்டி போட்டு, பெயின்ட் அடித்து, புதுசாகத் தெரியக்கூடாதென்று புகைக்கரியும் செம்மண்ணும் தேய்த்தார். நானும் சும்மா இருக்கவில்லை. அழிந்துபோன "ஒலி எழுப்பவும்" என்பதைத் திரும்ப எழுதி, பழசாகத் தெரிய 'வும்'மைப் பாதி சுரண்டினேன்.

சாயங்காலம் பஞ்சாயத்து. சுவரைக் கட்டிய கொத்தனார் சின்னதுரை, லாரிதான் இடித்தது என்றார். கொளஞ்சியப்பனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அவர் கண்ணை மூடி, பின்கதவின்மேல் உள்ளங்கையை ஓட்டி, "அடியே படல" என்றார்.

அவ்வளவுதான். லாரி இடிக்கவில்லை என்றால் சுவர் தானாகத்தான் விழுந்திருக்க வேண்டும். சின்னதுரைக்குத் 'தானாவுழுந்தான்' என்று பேர் விழுந்தது.

கூலிவேலைக் குடும்பத்துப் பிள்ளை சின்னதுரை. மண் சுமந்து, கலவை கலந்து, கெஞ்சிக் கூத்தாடிக் கரண்டி பிடித்தவர். யார் துணையும் இல்லாமல் தானே தூக்குக்குண்டு பிடித்துக் கட்டிய முதல் சுவர் அது. "தானா வுழுற செவுரு அடியிலேர்ந்து வுழுவும். இது மூணரை அடி ஒசரத்துல ஒடஞ்சிருக்குதுய்யா" என்று பஞ்சாயத்தில் கத்தினார். கேட்க யார் இருந்தார்கள்? அதற்குப் பிறகு ஊரில் எவரும் அவருக்குச் சுவர் வேலை கொடுக்கவில்லை. தரை போடக் கூப்பிடுவார்கள், கழிவுத்தொட்டி கட்டக் கூப்பிடுவார்கள், சாக்கடைக்குக் கூப்பிடுவார்கள். ஏற்கெனவே கீழே இருப்பது கீழே விழாது என்பது கணக்கு. அவர் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேரும் வீட்டு நடுவில் கும்பலாக உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தர்கூடச் சுவரில் சாயவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்ததா என்றால், அன்றைக்கு இல்லை. பெண்பார்க்கும் கதையைக் கேட்டு நானும் சிரித்தவன்தான். வெட்கமும் துரு மாதிரி, பிடிப்பதற்கு நாளாகிறது.

பொம்மை லாரிக்கு வருவோம். கொளஞ்சியப்பன் முதல் நாள் சுத்தியலை எடுத்து மட்கார்டில் ஒரு போடு போட்டார். பிளாஸ்டிக் ஆயிற்றே, துள்ளி எழுந்து டீக்கடைவரை போனது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வண்டி அவர் அடிக்கு நசுங்க மறுத்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. அப்புறம் செல்போன் ரிப்பேர் கடையிலிருந்து சூட்டுக் காற்று ஊதும் கருவியை வாங்கிவந்து, பிளாஸ்டிக்கை இளக்கி, அழுத்திப் பழகினார். பழகியதும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். எது இடித்ததோ அதைக் கொண்டுதான் ஒடுக்கு போட வேண்டும். புளியமரத்து ஒடுக்குக்குப் புளியங்குச்சி. அதுவும் அந்த மூன்றாம் வளைவு மரத்துக் குச்சி. மைல்கல்லுக்குக் கருங்கல் சில்லு. எருமைக்காக ஒரு கொம்புச் சீப்பின் முனை. ராணியம்மாள் வீட்டுக்குப் போய் அம்மிக் குழவியில் ஒரு சில்லு கேட்டு, நல்ல வார்த்தையாக நாலு வாங்கிக்கொண்டு வந்தார்.

துருவுக்குக் கல்லுப்பு. முதலில் துருநிறம் பூசி, ஈரத்தில் உப்பைத் தூவி, மேலே நீலம் அடித்து, காய்ந்ததும் கழுவினால் உப்பு இருந்த இடமெல்லாம் அரித்தது போலத் துரு எட்டிப் பார்க்கும். கொளஞ்சியப்பன் மனைவி ராஜாம்பாள் என் கடைக்கே வந்து சண்டை போட்டார். "பிரசர் இருக்குது, உப்ப கம்மி பண்ணுன்னு டாக்டரு சொன்னாரு. இவரு கொழம்புல கம்மி பண்ணிக்கினு லாரிக்கு ஜாஸ்தியா போட்டுக்கினு இருக்காரு!" புழுதிக்கு உள்ளூர் மண் ஒத்துவராது என்று வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் டிபன்பாக்ஸ் கொடுத்துச் செம்மண் வரவழைத்தார். நான் ஒற்றை மயிர் பிரஷ்ஷால் "ஒலி எழுப்பவும்" எழுதினேன். மூச்சைப் பிடித்து எழுதி முடித்ததும், "'வும்'ம பாதி சுரண்டு" என்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் சுரண்டினேன்.

அந்த வாரம் அவர் இன்னொரு காரியமும் செய்தார். முப்பது வருஷமாக ஆயில் குடித்த மண்தரைக்கு சிமென்ட் போட வேண்டும் என்று சின்னதுரையைக் கூப்பிட்டார். ஏன் திடீரென்று என்று கேட்டேன். "வழுக்குது" என்றார். மேசையைப் பார்த்தேன். குச்சி, கருங்கல், சீப்பு எல்லாம் வரிசையாக இருந்தன. பக்கத்தில் நகத்தளவு செங்கல் சில்லு ஒன்று. பதினொன்றில் செங்கலுக்கு வேலையே இல்லை.

"அண்ணே, வோணாம். ஊர்ல உன் கைக்குன்னு ஒரு பேரு இருக்குது" என்றேன்.

"அந்தாளுக்கும் ஒரு பேரு இருக்குதே" என்றார்.

வண்டியை வாங்கிப்போக செல்லமுத்துவும் தங்கதுரையும் வந்த அன்று சின்னதுரை மூலையில் குந்தித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். செல்லமுத்து லாரியைக் கையில் எடுத்தார். கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு ஒடுக்காகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் பின்கதவில் நின்றார்.

"இது இன்னா?"

"பன்னெண்டாவது."

"இது என் வண்டில இல்ல."

"இருந்துச்சு மொதலாளி. நான்தான் எடுத்தேன். எடுத்துட்டு, அடியே படலன்னு பொய்யும் சொன்னேன்."

நானும் என் பங்குக்கு, "எழுத்து நான் எழுதினேன்" என்றேன். தரை தேய்க்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

செல்லமுத்துவுக்கு முகம் சிவந்தது. "மொதல்ல அத்த எடு" என்றார்.

"என்னால எடுக்க முடியாது" என்றார் கொளஞ்சியப்பன். ஒரு ஒடுக்கைப் பார்த்து அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

சின்னதுரை எழுந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து, லாரியை மேசையில் வைத்துச் சக்கரத்தின் அடியிலிருந்து ஒடுக்குவரை அளந்தார். "மூணு இஞ்சி. தம்பி, நெஜ லாரில இது எத்தினில ஒரு பங்கு?"

"பதினாலுங்க."

"நாப்பத்திரண்டு இஞ்சி. மூணரை அடி." டேப்பைச் சுருட்டினார். அடிப்பாரோ, அழுவாரோ என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் குனிந்து ஒடுக்கைப் பக்கவாட்டில் பார்த்தார், விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கொளஞ்சியப்பனிடம் கோபமாகச் சொன்னார்.

"ஆழம் பத்தல."

"இன்னாது?"

"ஒண்ணுக்கு நாலு கலவைண்ணே அது. பதினஞ்சு நாளு தண்ணி ஊத்தின செவுரு. இவ்ளோதான் நசுங்கிருக்குமா? அமுக்கு."

கொளஞ்சியப்பன் சூட்டுக் காற்றை ஊதினார், செங்கல் சில்லை வைத்து அமுக்கினார். "இன்னும்" என்றார் சின்னதுரை. அமுக்கினார். "இன்னும்." கொளஞ்சியப்பனின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, சூட்டினால் என்று அவர் பின்னால் சொன்னதை நான் நம்பவில்லை. நாலாவது முறை செல்லமுத்துவுக்கே பொறுக்கவில்லை. "யோவ், இதுக்கும் மேல போவாதுய்யா! இடிச்சவன் நானு, எனக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டார்.

வாசலில் ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் ரிஷிவந்தியம்வரை போய்விட்டது. கொளஞ்சியப்பனின் கையை இப்போதெல்லாம் பாதிப்பேர் நம்புவதில்லை. லாரியைத் தடவிப் பார்த்துச் சொன்னால், "நெஜமாவாண்ணே?" என்கிறார்கள். அதையும் வாங்கிக்கொள்கிறார்.

பெரியநாயகியம்மாளுக்கு எழுபத்தைந்து வயது. சம்பந்தியோடு பேச்சை நிறுத்திவிட்டு, சின்னதுரைக்கு ஆள் அனுப்பினார். மோட்டார் கொட்டகைக்கு நாலு சுவர், அவரே கட்ட வேண்டும் என்று. மூன்று சுவர் எழும்பி நாலாவது பாதியில் நின்றபோது தங்கதுரையின் போன் வந்தது. நானும் கொளஞ்சியப்பனும் அதைச் சொல்லக் கொட்டகைக்குப் போனோம். போட்டியில் அவன் லாரிக்கு இரண்டாம் பரிசுதான். ஒவ்வொரு ஒடுக்குக்கும் அவன் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தானாம். எல்லாம் பிரமாதம், பின்கதவு ஒடுக்கு மட்டும் நம்பும்படியாக இல்லை, ஒரு சாதாரணச் செங்கல் சுவர் லாரியை இவ்வளவு ஆழமாக நசுக்காது என்று நடுவர்கள் மார்க்கைக் குறைத்துவிட்டார்களாம்.

சின்னதுரை சாரத்திலிருந்து இறங்கி வந்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"சாதாரண செவுருன்னு அவங்களுக்கு யாரு சொன்னது?" என்றார்.

சொல்லிவிட்டு, காய்ந்திருந்த பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தார். கொளஞ்சியப்பனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் போய் நாங்களும் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டோம்.