பள்ளிக்கூடத்து முட்டை

எங்கள் வீட்டுச் செவலைக் கோழிக்குப் பிடிவாதம் அதிகம். அடைக்கு உட்காருவது என்று முடிவு செய்துவிட்டால், முட்டை இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்க்காது. அந்த வருடம் ஐப்பசி மழையில், கொட்டகை மூலையில் கிடந்த காலிக் கூடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது.

அதே வாரம்தான் அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். அப்பாவின் தங்கை. வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காகப் பெருநகரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவள். பாப்பாவோடு வருவாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வெறுங்கையோடு வந்தாள். “பாப்பா எங்க?” என்று கேட்டதற்கு அம்மா என் தொடையில் கிள்ளினாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு அந்தப் பதில் போதும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அத்தை சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான், யாரோடும் பேசவில்லை.

மழைக்காலத்தில் குஞ்சு தங்காது, அடை தெளிந்தால்தான் கோழி மறுபடி முட்டையிடும் என்று அம்மா அதைத் தொட்டித் தண்ணீரில் முக்கியெடுத்தாள். அப்புறம் அதன் இறகையே பிடுங்கி மூக்கில் குத்த வேண்டும். எங்கள் பக்கத்து வைத்தியம் அது. அந்த உறுத்தலில் கோழி குஞ்சு நினைப்பையே மறந்துவிடுமாம். அம்மா இறகைப் பிடுங்கும்போது அத்தை எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வுட்டுடு அண்ணி. ஒக்காந்துகினு போவட்டும்.”

“காலிக் கூடையில ஒக்காந்துகினு இன்னாத்த பொரிக்கப் போவுது?” என்ற அம்மா, சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோழியை அப்படியே கீழே விட்டாள். அது சொட்டச் சொட்ட ஓடிப்போய்க் கூடையில் ஏறிக்கொண்டது. அத்தை போய்ப் படுத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை பெரிய ஆட்கள் இருக்கிற வீட்டில், ஒரு கோழிக்கு ஒரு முட்டை கொடுக்க நாதியில்லையா? மறுநாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்குப் போட்ட முட்டையை, ஓட்டை உரிக்காமல் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன். கூடையில் வைத்ததும் கோழி அதை அலகால் இழுத்து வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டது. பெருமை தாங்காமல் அத்தையின் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன்.

அத்தை முட்டையை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள்.

“ஏது இது?”

“இஸ்கூல்ல குடுத்தாங்க அத்த. நான் துன்னல.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா தடுக்காமல் நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமுதல் அத்தை ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்று எனக்குத் தெரியாது. குஞ்சு வரப்போகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அம்மாவே குடை பிடித்துக்கொண்டு போய், சேவல் வளர்க்கிற வீடுகளில் முட்டை கேட்டு வாங்கிவந்து கூடையில் வைத்தாள். மழையைப் பற்றி ஒரு பேச்சில்லை. குஞ்சுகள் வெளிவந்த காலையில், என் முட்டையில் வந்தது எது என்று கேட்டேன். அத்தை யோசித்து, முதுகில் கறுப்புக் கோடு போட்ட ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

“இதான் உன்னுது.”

“பேரு இன்னா வெக்கலாம்?”

அத்தை குஞ்சின் முதுகை ஒரு விரலால் தடவிக்கொண்டே, “யாழினி” என்றாள். ஒரு கோழிக்கு இவ்வளவு அழகான பெயரா என்று எனக்கு வாயெல்லாம் பல்.

பொங்கல் முடிந்து அத்தை பெருநகருக்குப் போனாள். அப்புறம் எப்போது வந்தாலும் நேராகக் கொட்டகைக்குத்தான் போவாள். பருந்து தூக்கியது போக மற்றவை ஒவ்வொன்றாகக் குழம்புக்குப் போயின. யாழினியை மட்டும் யாரும் தொடவில்லை. திடீரென்று விருந்தாளி வந்தால்கூட அப்பா கடைக்குப் போய்க் கறி வாங்கிவந்தார். அது கிழடாகி முட்டை நின்ற பிறகும் அம்மா முதல் பிடி நொய்யை அதற்குத்தான் இறைத்தாள். எல்லாம் எனக்காகத்தான், நான் அழுவேன் என்றுதான் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.