ராத்தா வாங்கச் சொன்ன கிரைண்டர்

ஒலுவில் துறைமுகப் பக்கத்து மணல் ஒழுங்கையிலிருந்து பெரிய வீதியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் அந்த ஆள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நடக்க நடக்க விலை இறங்கியது. கடைசியாக அவர் சொன்ன விலை என் சட்டைப் பையில் கிடந்த ராத்தாவின் காசுக்குள் அடங்கிவிட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் வாங்கிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அவர் விற்க நின்றது கோப்பிக்கொட்டை அரைக்கிற பெரிய மின்சார கிரைண்டர். பக்கத்துக் கம்பஸில் படிக்கிற பிள்ளைகளை நம்பிக் கோப்பிக் கடை போட்டு மூடியவர். ஒரு பிடி கொட்டையை அரைத்துக் காட்டினார். தூளை விரலில் தேய்த்துப் பார்த்தேன். பாதி மாவு, பாதி குறுணல். மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளே விரலை விட்டால், அரைக்கும் பற்கள் ஆற்றுக்கல் மாதிரி வழவழவென்று இருந்தன. அந்தப் பற்களை மாற்ற நம் பக்கத்தில் சாமான் கிடைக்காது. இரும்புக் கூட்டைக் காசு கொடுத்துச் சுமக்க முடியாது.

வீதிக்கு ஏறும்போது ராத்தா போன் எடுத்தாள். ராத்தா என் ஒரே அக்கா.

"எங்க நிக்காய்? வாங்கினயா?"

இல்லை, கல்முனைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

"வெறுங்கையோட வராத," என்றாள். "நாளைக்குக் காலையில அவன் வாறான்."

அவன் என்றது வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனை. ராத்தாவின் புருஷன், என் மச்சானின் பாஸ்போட்டை வாங்கிப்போக வருகிறான். மச்சான் கத்தாரில் ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்தவர். கடையை மூடியபோது முதலாளி, வீட்டில் வைத்துக் கோப்பி போடுகிற சிறிய எஸ்பிரசோ மெஷின் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார். உடுப்புகளை அங்கேயே விட்டுவிட்டு மச்சான் அதைச் சாமான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். ராத்தாவின் வீடு சாய்ந்தமருதில், கடற்கரைக்குப் போகிற வழியில் இருந்தது. மாலையில் ஊரில் பாதி அந்த வாசலைக் கடக்கும். அரபு நாட்டில் இருந்து வந்தவர்களுக்கு இந்தக் கோப்பியின் கசப்பு பழக்கம். முன் யன்னலைத் திறந்து கோப்பி விற்கலாம் என்பது ராத்தாவின் யோசனை.

ஆனால் மெஷினுக்குத் தூள் வேண்டும். ராத்தா கொட்டையை வறுத்து, மிளகாய் அரைக்கிற மில்லில் கொடுத்து எடுத்துவந்தாள். மெஷினில் தண்ணீர் தூளுக்குள் நிற்காமல் ஓடியது. குடித்தால் நாக்கு எரிந்தது. மச்சான் மெஷினைத் துணியால் மூடிவிட்டு ஏஜென்சிக்குப் போன் பண்ணினார். அரபு நாட்டில் ஒரு களஞ்சியத்தில் சாமான் இறக்கி ஏற்றுகிற வேலை. இந்த வீட்டில் ஒரு சரியான கோப்பி வரட்டும், நான் போகாமல் நிற்கிறேன் என்று ஒருநாள் பாதி பகிடியாகச் சொல்லியிருந்தார். ராத்தா அதையே பிடித்துக்கொண்டாள். சீட்டு எடுத்த காசை என்னிடம் தந்தாள்.

என்னிடம் தந்ததற்குக் காரணம் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். இறக்காமத்தில் வேளாண்மைக்குள் யானை வராமல் காவல் இருந்தேன். கோமாரியில் தேங்காய் உரித்தேன். கடைசியாகப் பொத்துவில் பக்கம் ஒரு கடற்கரைக் கடையில், அலையில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்களுக்குக் கோப்பி போட்டேன். சீசன் முடிந்தால் ஆள் குறைப்பார்கள், அதில் முதல் ஆள் நான். போன கிழமை ராத்தா வீட்டுக்கு வந்திருந்தேன். ஆனால் கிரைண்டர் என்றால் என்னவென்று அந்தக் கடற்கரைக் கடையில்தான் படித்தேன்.

கல்முனையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது. பஸாரில் மின்சாரச் சாமான் கடையொன்றுக்குள் போனேன். முதலாளி முதலில் ஒரு மலிவான சாமானை எடுத்து வைத்தார். உள்ளே தகடு சுற்றுகிற வகை. அது அரைக்காது, வெட்டும். ஒரு கொட்டை மாவாகும், பக்கத்துக் கொட்டை துண்டாகக் கிடக்கும். அடுத்தது பல் வைத்த மின்சாரக் கிரைண்டர், என் காசுக்குச் சரியாக இருந்தது. ஆசையாகத்தான் இருந்தது. அதன் வளையத்தைத் திருகிப் பார்த்தேன். ஒவ்வொரு இலக்கத்துக்கும் நடுவே பெரிய தூரம். ஒன்றில் வைத்தால் தண்ணீர் ஓடிவிடும், அடுத்ததில் வைத்தால் ஒரு சொட்டும் வராது. இந்தக் கோப்பிக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு மயிரிழை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, பொண்ணு பாக்கப் போறவனும் இவ்வளவு குடஞ்சு பாக்கிறல்ல. கோப்பிதானே?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

கண்ணாடி அலுமாரியின் அடித்தட்டில் கையால் சுற்றுகிற ஒன்று கிடந்தது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எடுப்பித்துவிட்டு வாங்க வரவில்லையாம். கழற்றிப் பார்த்தேன். உருக்குப் பற்கள், ஓரம் நகத்தைச் சுரண்டியது. அடியில் இருந்த திருகை மெல்ல மெல்ல நகர்த்தலாம். முழுக்க இறுக்கித் தண்டைப் பிடித்து ஆட்டினேன், ஆடவில்லை. மோட்டாருக்கென்று ஒரு சதமும் போகாத சாமான். கொடுக்கிற காசெல்லாம் பல்லுக்குத்தான். குறைந்த காசில் மோட்டாரும் பல்லும் இரண்டும் நல்லதாகக் கிடைக்காது, பல்லைத்தான் எடுக்கவேண்டும். பையில் இருந்ததை அப்படியே கொடுத்தேன். பஸ் காசுக்கு மட்டும் அவர் திருப்பித் தந்தார்.

வீட்டுக்குப் போனபோது மச்சான் கதிரையில் இருந்தார். பாஸ்போட் குளிர்சாதனப் பெட்டியின் மேலே பொலித்தீன் பைக்குள் இருந்தது. கிரைண்டரைப் பார்த்து, "மோட்டர் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். ராத்தா அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கிரைண்டரை மேசையில் வைத்துவிட்டு மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். கடையில் இறுக்கிய திருகைத் தளர்த்தாமலே போய்விட்டேன்.

திரும்பி வரும்போது வாசலிலேயே, ராத்தாவோடு இருக்கிற எங்கள் உம்மாவின் குரல் கேட்டது. எங்கள் பக்கம் புது அம்மி வந்தாலும் ஆட்டுக்கல் வந்தாலும் முதலில் அரைப்பது ஒரு பிடி பச்சை அரிசி. கல்லுத்தூளும் இரும்பு மணமும் அதோடு போகவேண்டும். மில்லிலும் அப்படித்தான், மிளகாய்க்குப் பிறகு அரிசி போடாமல் மா அரைக்க விடமாட்டார்கள். உம்மா அந்தப் புதுக் கிரைண்டருக்குள்ளும் ஒரு பிடி அரிசியைப் போட்டிருந்தாள். பற்கள் ஒன்றோடொன்று முட்டி நின்ற இடத்தில் அரிசி போய் இறுகிவிட்டது. கைப்பிடி அசையவில்லை.

"அரிசி போடாம, திங்கிற சாமான் அரைக்க எப்பிடிடா எடுக்கிற?" என்று உம்மா என்னைத்தான் கேட்டாள்.

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மச்சான் கிரைண்டரை எடுத்துவிட்டார். முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, வலது கையால் கைப்பிடியை ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார். கைப்பிடி அசையவில்லை. மச்சானின் முகம் வெளுத்தது. கிரைண்டர் மடியிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது. வலது கை தொங்கியது. இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருந்தார்.

ராத்தா பக்கத்தில் போய் இருந்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளைத் தொட்டாள். அவர் விலகப் பார்த்தார்.

"இது எப்ப இருந்து?"

மச்சான் சுவரைப் பார்த்தார். கத்தாரில் பால் பெட்டிகளை அடுக்கும்போது விழுந்ததாம். அங்கே ஒரு ஊசி போட்டார்களாம். சொன்னால் நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லையாம்.

"இந்தத் தோளோட அங்க போய் எதத் தூக்கப் போறீங்க?"

உம்மா அரிசிச் சுளகை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

நான் கிரைண்டரை எடுத்து அடித் திருகைத் தளர்த்தினேன். அரிசி கொட்டியது. பற்களைக் கழற்றிப் பழைய பல்தூரிகையால் காய்ந்தபடியே துடைத்தேன், தண்ணீர் காட்டவில்லை. ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும்போல இருந்தது. பிறகு கொட்டையைப் போட்டுச் சுற்றினேன். முதல் கோப்பி ஓடிவிட்டது. திருகை இறுக்கினேன், இரண்டாவதில் மெஷின் முக்கியதே தவிர ஒன்றும் வரவில்லை. வறுத்த கொட்டை பேணியின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். நடுவில் வைத்தேன். மூன்றாவது மெதுவாக, நூல் மாதிரி, மண்ணிறமாக இறங்கியது.

கோப்பையை மச்சானின் இடது கையில் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார். வாயிலேயே வைத்திருந்துவிட்டு விழுங்கினார்.

"இதுதான்," என்றார். பிறகு, "ஆனா என்னால சுத்த ஏலாது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பகல் முழுக்க நான் பல்லைப் பார்த்தேன், திருகைப் பார்த்தேன். சுற்றப்போகிற கையைப் பார்க்கவில்லை. மோட்டார் உள்ளதை வாங்கியிருந்தால் கோப்பி இப்படி வராது. இதை வாங்கியதால் கோப்பி வருகிறது, போடவேண்டியவரால் சுற்ற முடியவில்லை. காசு முடிந்துவிட்டது.

ராத்தா எழுந்து போய்ப் பாஸ்போட்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மச்சான் தடுக்கவில்லை. அவள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"நீ எப்ப போறாய்?"

மறுநாள் திருகோணமலைப் பக்கம் மீன் வாடி ஒன்றுக்கு வேலைக்கு வருவதாக ஒருவனிடம் சொல்லி வைத்திருந்தேன். அது ராத்தாவுக்கும் தெரியும். நான் எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலம் இருந்ததில்லை. பார்ப்போம் என்றேன்.

காலையில் ஏஜென்சிக்காரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். மச்சான் வாசலுக்குப் போய், நான் வெளிநாடு போகவில்லை என்று சொன்னார். அவன் சத்தமாகக் கதைத்தான். மச்சான் தோளை ஆட்டாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் போகும்வரை ராத்தா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

நான் மீன் வாடிக்காரனுக்குப் போன் எடுத்து வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். பிறகு முன் யன்னலுக்குக் கீழே பலகையைப் போட்டு உட்கார்ந்து, கிரைண்டரைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கி, புதிதாக வறுத்த கொட்டையைப் போட்டுச் சுற்றத் தொடங்கினேன். சம்பளம் எவ்வளவு என்று ராத்தாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.